மரைக்கு வார்த்த தண்ணீர்

குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேர ரயில் பாரிசின் கார் து நோர் நிலையத்துக்குள் வரும்போது ஒரு பெட்டியிலிருந்து மட்டும் ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குவார்கள். அந்தப் பெட்டியிலிருந்து கடைசியாக இறங்குகிறவர் கபிரியேல். செம்மஞ்சள் மேற்சட்டை, முழங்கால் மட்டும் சேறு, முதுகில் ஒரு பை, கையில் ஒரு பை. இரண்டிலும் மரை இறைச்சி. அதை அவர் மறைப்பதில்லை. நிலையத்திலிருந்து லா சப்பல் தமிழ்க் கடைத்தெரு நடக்கிற தூரம்தான். அந்தத் தூரத்தைப் கோயில் பெருநாளில் மாதா சுருவம் தூக்குகிறவரைப் போல, ஆறுதலாக, எல்லோரும் பார்க்கும்படி நடப்பார்.

பிரெஞ்சுக்காரன் சேர்ஃப் என்கிற அந்தப் பெரிய மானுக்கு லா சப்பலில் மரை என்றுதான் பெயர். வன்னிக்காட்டு மரையின் சாயல் அதற்கு இருந்தது. சமைத்தால் ருசியும் அப்படித்தான் என்று மன்னார்க்காரர்கள் அடித்துச் சொன்னார்கள். கபிரியேலும் மன்னார்தான். கிழமை நாட்களில் இராஜதுரையின் சாப்பாட்டுக் கடைக் குசினியில் சமையல். ஞாயிறுகளில் வடக்கே ஒரு கிராமத்தில் வேட்டைச் சங்கத்துக்குக் காடு கலைக்கிற வேலை.

காடு கலைக்கிறது என்றால், ஒரு பக்கத்தால் வரிசையாகக் காட்டுக்குள் இறங்கி, தடியால் பற்றைகளை அடித்து, கத்திக் கூச்சலிட்டு, உள்ளே படுத்திருக்கிற மரைகளை மறுபக்கத்துக்கு ஓட்ட வேண்டும். மறுபக்கத்தில் துவக்குக்காரர் சுடத் தயாராக நிற்பார்கள். முன்பெல்லாம் அந்த ஊர்ப் பொடியன்கள் செய்த வேலை அது. இப்போது அவர்கள் ஞாயிறுகளில் எழும்புவதே மத்தியானம். சங்கத் தலைவர் துய்வால் சீனிக்கிழங்குப் பயிர்க்காரர். கபிரியேல் வந்த புதிதில் கோப்பை கழுவிய உணவகத்தில் அவர் வாடிக்கைக்காரர். "உனக்குக் கத்தத் தெரியுமா?" என்று ஒருநாள் கேட்டார். கபிரியேல் அங்கேயே, மேசைகளுக்கு நடுவே நின்று கத்திக் காட்டினார். அப்படிப் பிடித்த வேலை.

அந்தக் காட்டில் கபிரியேலின் குரலுக்கு ஒரு மதிப்பு இருந்தது. மன்னார்க் கடற்கரையில் மீன்வாடிக்கு மீன்வாடி எறிகிற தூஷணங்களை எல்லாம் அவர் மரைகள்மேல் எறிவார். பிரெஞ்சுச் சத்தத்துக்குக் காதைக்கூட அசைக்காத மரை தமிழ்த் தூஷணத்துக்குக் குதிகால் தெறிக்க ஓடுகிறது என்று துய்வால் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சம்பளம் இறைச்சிதான்.

இறைச்சி வந்ததும் இராஜதுரையின் கடை நிலக்கீழ் அறையில் பங்கு போடுவார்கள். தார்ப்பாயில் குவியல் குவியலாக இறைச்சி. கபிரியேல் குவியல்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பார். அவரோடு குசினியில் வேலை செய்கிற அலெக்சிஸ் ஒரு குவியலைத் தொட்டு, "இது ஆருக்கு?" என்பான். கபிரியேல் ஒரு பெயரைச் சொல்வார். முதுகைக் காட்டி நிற்கிறவன் வஞ்சகம் செய்ய முடியாது என்பதுதான் அந்த முறையின் நியாயம். ஆனால் எலும்பும் சவ்வுமாகக் கிடக்கிற குவியலைத் தொடும்போது அலெக்சிஸ் மெல்லச் செருமுவான். அந்தச் செருமலுக்குக் கபிரியேலின் வாயில் வருகிற பெயர், அந்தக் கிழமை அவரோடு கொழுவிச் சண்டை பிடித்தவனுடைய பெயராக இருக்கும். எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். மரை கொண்டுவருகிறவர் அவர்தானே.

இரண்டாயிரத்துப் பதினெட்டாம் ஆண்டு முடியும் தறுவாயில் ஒரு கதை அடிபட்டது. அந்தப் பக்கத்துக் காடுகளில் மரை பெருகிவிட்டது, அடுத்த பருவத்தில் கூடுதலாகச் சுட விட வேண்டும் என்று பிரிபெக்சர் என்கிற மாவட்ட நிர்வாகம் யோசிக்கிறதாம். சுடுகிற ஒவ்வொரு மரைக்கும் பின்னங்காலில் ஒரு பிளாஸ்டிக் காப்பு மாட்ட வேண்டும். பிரிபெக்சர் எத்தனை காப்புக் கொடுக்கிறதோ அத்தனைதான் சுடலாம். காப்பைக் கூட்டலாமா என்று சனங்களிடம் அபிப்பிராயம் கேட்கப் போகிறார்கள்.

லா சப்பல் சனங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. அதனால் அவர்கள் சொல்லாமல் விடுவார்களா?

"வாயில்லாச் சீவனைத் துரத்தித் துரத்திச் சுடுறதுக்குக் காப்பும் குடுத்து அனுப்பீனமோ? உது என்ன சடங்கோ?" என்றார் நாகேஸ்வரி. பக்கத்தில் புடவைக்கடை வைத்திருக்கிறவர். மச்சம் மாமிசம் தொடமாட்டார். ஆனால் தேத்தண்ணிக்கு இராஜதுரையின் கடைக்குத்தான் வருவார்.

"அக்கா, கூடினால் குறைக்கத்தானே வேணும்" என்றார் கபிரியேல் குசினி வாசலில் நின்று. "மரக்கண்டு ஒண்டும் மிஞ்சுதில்லை. மொட்டை அடிக்குது. காடு தாங்குமே?"

"கூடிப்போச்சு, தாங்காது, குறைக்க வேணும்" என்று இராஜதுரை கல்லாவில் இருந்தபடி இழுத்தார். "ரீவியிலை உதே கதையை அகதியள் எங்களைப் பற்றியும் கதைக்கிறாங்கள் ஐசே."

"எங்களுக்கும் எங்கையேன் காப்பு அடிச்சு வைச்சிருப்பாங்கள் அண்ணை" என்றான் அலெக்சிஸ். "அளவு பாக்கத்தான் கைரேகை எடுத்தவங்கள்."

கடை சிரித்தது. கபிரியேல் சிரிக்கவில்லை.

"அது உங்களுக்கு" என்றார். "நீங்கள் ஓடுற ஆக்கள். நான் வாற வருசம் சுடுற ஆள்."

அதுதான் விசயம். கபிரியேல் வேட்டை அனுமதிக்குப் படித்துப் பரீட்சை எடுத்திருந்தார். இரண்டு தரம் தவறி, மூன்றாம் தரம் சித்தியடைந்திருந்தார். வைகாசி கழிந்து சங்கம் கூடும்போது அவரை உறுப்பினராக எடுப்பதாகத் துய்வால் வாக்குக் கொடுத்திருந்தார். ஐம்பது தாண்டிய முழங்கால்கள் இனிப் பற்றைக்குள் ஓடத் தேவையில்லை. மறுபக்கத்தில் துவக்கோடு நிற்கலாம். யாரோ கத்துவார்கள், மரை அவரிடம் ஓடிவரும். போரில் சனத்தைச் சுட்டவன் முன்னால் ஓடியே பாதி வயதைத் தொலைத்த மனிதனுக்கு, நின்ற இடத்தில் நிற்கிறது என்பது எவ்வளவு பெரிய ஆசை என்று அவர் யாருக்கும் விளக்கவில்லை. "துவக்கு" என்று மட்டும் நாளுக்கு நாலு தரம் சொல்லிக் காட்டினார்.

வீட்டில் அவர் இந்தக் கதையை எடுப்பதில்லை. வீட்டில் இருந்தது மகள் துஷ்யந்தி ஒருத்தி. பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறாள். தாய் மேரிறோஸ் இறந்த வருடத்திலிருந்து இறைச்சி சாப்பிடுவதில்லை. தகப்பன் தமிழில் கேட்பார், மகள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். அப்படியே ஓடியது.

அந்த மார்கழியில் கபிரியேல் ஒரு பகிடி விட்டார். மரை இறைச்சியை அரைத்து, உருட்டி, ஊறப்போட்டுப் பிரட்டல் வைத்து, சோயா மீட் என்று சொல்லி மகளுக்குப் போட்டார். துஷ்யந்தி இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். "நல்லாயிருக்கு அப்பா" என்று, நெடுநாளைக்குப் பிறகு, தமிழில் சொன்னாள். கபிரியேல் அடுத்த நாள் அதைக் கடையில் நடித்துக் காட்டினார். மகள் விரல் சூப்பியதை, கண்ணை மூடியதை, எல்லாவற்றையும். இராஜதுரைக்குச் சிரித்துப் புரையேறியது. பகிடி லா சப்பல் முழுக்கச் சுற்றி, திரான்சியில் இருக்கிற ஒரு சிநேகிதியின் வாயால் துஷ்யந்தியிடம் வந்து சேர்ந்தது. அவள் சண்டை பிடிக்கவில்லை. அன்றிலிருந்து தன் சாப்பாட்டைத் தானே வாங்கி, தன் அறையில் வைத்துச் சாப்பிட்டாள். ஞாயிறுகளில் அவளும் வெளியே போகத் தொடங்கினாள். எங்கே என்று கபிரியேல் கேட்கவில்லை. ஞாயிறுகளில் அவருக்கு வேறு வேலை.

தை மாதத்துக் கடைசி ஞாயிறு. துய்வால் ஒரு பெட்டை மரையைச் சுட்டார். வெடி முதுகில் பட்டது. பின்பாதி செத்துப்போக, முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு அது ஒரு வாய்க்காலுக்குள் விழுந்து கிடந்தது. முதலில் போய்ச் சேர்ந்தது கபிரியேல். மரைக்கு நாக்குத் தள்ளி, கண் பிதுங்கி, வாயால் ஆவி பறந்தது. துய்வால் பின்னால் மூச்சிரைக்க வந்தார். இன்னொரு குண்டைச் செலவழிக்கவோ, வாய்க்காலுக்குள் இறங்கவோ அவருக்கு மனமில்லை. இடுப்பிலிருந்த கத்தியை உருவிக் கபிரியேலிடம் நீட்டினார்.

"முடித்துவிடு, கப்ரியேல். நீயும் எங்களில் ஒருவன்தானே இனி."

காடு கலைக்கிறவன் கத்தி தொடக்கூடாது. அது சட்டம். ஆனால் சங்கத்தின் தலைவரே கத்தியை நீட்டுகிறார். கபிரியேல் இறங்கி, மரையின் தலையைத் தூக்கி மடியில் வைத்தார். பிறகு அவருடைய கை தானாக ஒரு வேலை செய்தது. பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, மரையின் வாயில் கொஞ்சம் வார்த்தது.

உயிர் போகிற வாய் காய்ந்து போகக்கூடாது. அவருடைய ஆட்கள் ஆட்டுக்கும் கிடாய்க்கும்கூட அப்படித்தான் செய்வார்கள். யாரும் யோசித்துச் செய்வதில்லை. மரை திமிறியது. தண்ணீர் மூக்கால் வந்தது. கபிரியேலின் உதடுகள் அசைந்தன. ஒரு செபம்தான். முகம் குளிரிலும் கூச்சத்திலும் இழுபட்டுப் பல் தெரிந்தது. பிறகு கத்தியை இழுத்தார்.

மேலே கரையில் துய்வாலின் சப்பாத்துகள் நின்றன. அதற்கும் அப்பால், மரங்களுக்குள், வேறு யாரோ நின்றார்கள். அது கபிரியேலுக்குத் தெரியாது.

வைகாசியில் அந்தக் கிராமத்து மண்டபத்தில் கூட்டம். காப்பைக் கூட்டலாமா, கூடாதா என்று ஊர் தன் அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டும். துய்வால், "நல்ல உடுப்புப் போட்டு வா, முன்வரிசையில் இரு, சங்கத்தில் எல்லா விதச் சனமும் இருக்கிறது என்று பார்க்கட்டும்" என்றார். கபிரியேல் திருமணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். போகும்முன் கடையில், "கூட்டம் முடிய என்னைத் துவக்குக்காரன் எண்டுதான் நீங்கள் கூப்பிட வேணும்" என்று சொல்லிவிட்டும் போனார்.

மண்டபம் நிறைந்திருந்தது. ஒரு கிழங்குப் பயிர்க்காரர் தன் வயலின் கால்வாசியை மரை தின்றுவிட்டது என்றார். பாரிசிலிருந்து வந்து வீடு வாங்கிய ஒரு அம்மா, காலையில் யன்னலைத் திறந்தால் பூந்தோட்டத்தில் மரை நிற்பதைப் பார்க்கத்தான் அந்த விலை கொடுத்தேன் என்றார். ஒருவர் தன் மகன் இரவில் மரையோடு காரை மோதிக் காலை இழந்ததைச் சொன்னார். பின்வரிசையில் ஒரு இளைஞன், சுடுவதற்கென்றே சங்கம்தான் சோளம் போட்டு மரையை வளர்க்கிறது என்றான். "உன் அப்பனும்தான் தின்றான் அந்த இறைச்சியை" என்று யாரோ கத்தினார்கள். மேயர் மணியை அடித்தபடி இருந்தார். ஒருவர் சொன்னதையும் மற்றவர் கேட்கவில்லை. கைதூக்கச் சொல்லியிருந்தால் மண்டபம் சரிபாதியாகப் பிளந்திருக்கும்.

அப்போது வேட்டையை எதிர்க்கிற குழுவிலிருந்து கட்டை மயிர் வெட்டிய ஒரு பெண் எழுந்து, ஒரு படம் காட்ட வேண்டும் என்றாள். திரை விழுந்தது. பக்கத்தில் மடிக்கணினியோடு ஒரு பெட்டை குனிந்து இருந்தாள். திரை வெளிச்சம் முகத்தில் பட்டபோதுதான் கபிரியேல் கண்டார். துஷ்யந்தி.

படத்துக்குச் சத்தம் இல்லை. ஒரு வாய்க்கால். செம்மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன், முதுகு முறிந்த மரையின் தலையை மடியில் அழுத்திப் பிடித்திருக்கிறான். அதன் தொண்டைக்குள் போத்தலால் தண்ணீர் ஊற்றுகிறான். மரை மூச்சுத் திணறுகிறது. அவன் பல்லைக் காட்டுகிறான். பிறகு கத்தி. படத்தின் மேல் மூலையில் இரண்டு சப்பாத்துகள். அவை யாருடையவை என்று கபிரியேலுக்குத் தெரியும். முன்வரிசையில், அவருக்குப் பக்கத்தில், அதே சப்பாத்துகள்தான் இருந்தன.

"இதைத்தான் நீங்கள் எண்ணிக்கைக் கட்டுப்பாடு என்கிறீர்கள்" என்றாள் கட்டை மயிர்க்காரி. "சாகிற மிருகத்தை மூச்சடைக்க வைத்து விளையாடுவதை."

மண்டபத்தில் எழுந்த சத்தத்தைக் கபிரியேல் முன்பு கேட்டிருக்கிறார். காடு கலைக்கிற சத்தம்தான் அது.

அவர் துய்வாலைப் பார்த்தார். துய்வால் தன் தொப்பியைப் பார்த்தார். பிறகு எழுந்து, கவலை தோய்ந்த குரலில் பேசினார்.

"எனக்கும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் இந்த ஆள் எங்கள் உறுப்பினர் இல்லை. கலைக்க வருகிற கூலி. கத்தி தொட அவருக்கு உரிமை கிடையாது. அதை எங்கே எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. இனி எங்கள் காட்டில் அவர் கால் வைக்க மாட்டார்."

கபிரியேல் எழுந்தார். வாய்க்குள் பிரெஞ்சு முழுக்க எங்கேயோ ஓடி ஒளிந்துவிட்டது. பரீட்சைக்குப் பாடமாக்கிய அத்தனை சொற்களும்.

"தண்ணீர்" என்றார் பிரெஞ்சில். "குடிக்க. சாக முன்னம். அதுக்குத் தாகம்."

"ஐஸ் கட்டியும் போட்டீரா?" என்றது ஒரு குரல். மண்டபம் சிரித்தது. மரையை வெறுத்தவர்களும் நேசித்தவர்களும் அன்று முதல் தரமாகச் சேர்ந்து சிரித்தார்கள்.

கபிரியேல் சனத்துக்கு மேலால் மகளைப் பார்த்துத் தமிழில் கூப்பிட்டார். "பிள்ளை, சொல்லு. இவையளுக்கு விளங்கேல்லை. நீ சொல்லு, உனக்குத் தெரியும்தானே."

தெரியும். ஆஸ்பத்திரியில் மேரிறோஸ் கண் மூடிக் கிடந்தபோது, வாயால் ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்று தாதி சொல்லியிருந்தாள். தாதி வெளியே போனதும் கபிரியேல் ஒரு கரண்டியில் தண்ணீரை எடுத்து மகளின் கையில் கொடுத்தார். "அம்மாவின்ரை வாயை நனை பிள்ளை. பெத்தவளை வறண்ட வாயோடை அனுப்பக்கூடாது." துஷ்யந்தி நனைத்தாள். அன்று பின்னேரமே மேரிறோஸ் போய்விட்டாள். தண்ணீர் நெஞ்சுக்குள் இறங்கி மூச்சை அடைத்திருக்கும் என்று பிறகு எங்கேயோ வாசித்து, அவள் தகப்பனிடம் ஒரே ஒரு தரம் கேட்டாள். "விசர்க் கதை கதையாதை" என்று அவர் எழும்பிப் போய்விட்டார்.

"மத்மொசெல், இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று மேயர் கேட்டார்.

துஷ்யந்தி நிமிர்ந்தாள். "ஓம், என் தகப்பன்" என்றாள் பிரெஞ்சில்.

மேயர் கபிரியேலின் பக்கம் கையைக் காட்டினார்.

"அவர் என்ன சொல்கிறார்?"

அவள் தகப்பனைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். கபிரியேல் தலையை ஆட்டினார், சொல்லு சொல்லு என்று.

"அவர் வழக்கமாகச் செய்வதுதான் இது" என்றாள். "உயிர் போகிற நேரத்தில் தொண்டைக்குள் தண்ணீர் ஊற்றுவார். என் அம்மாவுக்கும் ஊற்ற வைத்தார்."

பொய் ஒரு சொல்லும் இல்லை. அவ்வளவும் சொல்லிவிட்டு அவள் மடிக்கணினியை மூடினாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சுமுகமாக நடந்தது. மேயர் ஒரு யோசனை சொன்னார். கலைக்கிறவர்கள் மிருகத்தைத் தொடக்கூடாது என்று சங்கம் எழுத்தில் உறுதி தரட்டும், இந்த மாதிரி ஆட்களை விலக்கட்டும், அப்படியானால் காப்பைக் கூட்டுவதை ஊர் எதிர்க்காது. பயிர்க்காரர்களுக்குச் சந்தோசம். பூந்தோட்டத்து அம்மாவுக்கும், கொடுமைக்காரன் போய்விட்டான் என்று சந்தோசம். கட்டை மயிர்க்காரி அதை வெற்றி என்று அறிவித்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். கைதட்டலுக்கு நடுவே கபிரியேல் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு பின்கதவால் வெளியேறினார்.

துஷ்யந்தி வீட்டை விட்டுப் பொபினியில் சிநேகிதி ஒருத்தியின் அறைக்குப் போய்விட்டாள். படம் மட்டும் போகவில்லை. கைத்தொலைபேசிக்குக் கைத்தொலைபேசி தாவி லா சப்பலுக்கு வந்தது.

"கபிரியேலண்ணை, ஒரு கிளாஸ் தண்ணி தாங்கோ" என்பார்கள் கடைக்கு வருகிறவர்கள். அவர் எடுத்துக்கொண்டு வந்தால், "ஐயோ வேண்டாம், நான் இன்னும் சாகேல்லை" என்பார்கள்.

தண்ணீர் எதற்கு என்று அங்கே ஒவ்வொருவருக்கும் தெரியும். எல்லோருடைய வீட்டிலும் அந்தக் கரண்டி இருந்தது. இருந்தும் பகிடி பகிடிதானே. நாகேஸ்வரி மட்டும் ஒருநாள், "பாவம், நல்லதைத்தான் செய்திருக்கிறார்" என்றார். பிறகு, "ஆனால் கொல்லாமல் விட்டிருக்கலாம்" என்று தேத்தண்ணியை ஊதினார்.

புரட்டாசி கழிந்து பருவம் திறந்தது. காப்பு கூடியதால் சுட வேண்டிய மரை கூடியது, அதனால் கலைக்கவும் ஆட்கள் கூடத் தேவைப்பட்டார்கள். துய்வால் அலெக்சிசுக்குப் போன் எடுத்தார். நம்பரைக் கொடுத்தது முந்திய வருடம் கபிரியேல்தான், தன் முழங்காலுக்கு உதவியாக.

"கோவிக்காதையுங்கோ அண்ணை" என்றான் அலெக்சிஸ். "நான் போகாட்டி வேறை ஆரும் போவினம். இறைச்சி எங்கடை ஆக்களுக்கு வராமல் போயிடும்."

"போ, போ. நீ கத்துறதுக்கு மரை நித்திரை கொள்ளப்போகுது" என்றார் கபிரியேல்.

மரை நித்திரை கொள்ளவில்லை. முதல் ஞாயிறே அலெக்சிஸ் இரண்டு பையோடு ரயிலால் இறங்கினான். நிலக்கீழ் அறையில் தார்ப்பாய் விரிந்தது. கபிரியேல் கூப்பிடாமலே இறங்கிவந்து, பழக்கதோசத்தில் சுவர்ப்பக்கம் போனார். அங்கே ஏற்கெனவே இராஜதுரை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கபிரியேல் படியடியில் ஒதுங்கினார். கையில் ஒரு வெறும் பை. ஒரு பங்காவது வராமலா போகும்?

"இது ஆருக்கு?"

"பத்திநாதருக்கு."

"இது ஆருக்கு?"

"மகாலிங்கத்துக்கு."

ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் வந்து தன் குவியலை அள்ளிக்கொண்டு நகர்ந்தார். நல்ல சதை, தொடை, ஈரல் என்று தார்ப்பாய் வெறுமையாகிக்கொண்டு வந்தது. கபிரியேல் ஒவ்வொரு தரமும் அரை அடி முன்னால் வந்து, பிறகு பின்னால் போனார். கடைசியில் ஒரே ஒரு குவியல் மிஞ்சியது. கழுத்தெலும்பும் சவ்வும்.

அலெக்சிஸ் குனிந்து அதைத் தொட்டான். மெல்லச் செருமினான்.

"இது ஆருக்கு?"

இராஜதுரை திரும்பவில்லை. அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கியிருந்தன.

"அது துஷ்யந்திக்கு. சோயா மீட் எண்டு சொல்லிக் குடுங்கோ."

அறை வெடித்துச் சிரித்தது. பத்திநாதர் படியில் குந்திவிட்டார். அலெக்சிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு எலும்புகளை இரண்டு கையாலும் அள்ளி நிமிர்ந்தான்.

கபிரியேல் பையைத் திறந்து நீட்டினார்.